பாஞ்சாலியின் மாப்ள ஆட்டம்

பாஞ்சாலி எனக்கு ஓர்ப்படி. என் வீட்டுக்காரர் முத்துவேலின் தம்பி சுப்பிரமணியைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒரே கொல்லை, ஒரே கிணறு, நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர். அவள் வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஆகாது. எதனால் ஆகாது என்று கேட்டால் ஆயிரம் சொல்வேன். என் அம்மிக்கல்லைக் கேட்காமல் எடுத்தாள், அவள் பக்கம் சாய்ந்த கிளை என்று சொல்லி என் முருங்கைக்காயைப் பறித்தாள் என்றெல்லாம். அதெல்லாம் சும்மா. உண்மையான காரணம் ஒரு நாய்.

எனக்கு நாய் என்றாலே சின்ன வயசிலிருந்து உதறல். தெருவில் ஒன்று படுத்துக் கிடந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். எனக்கென்று வந்து வாய்த்த ஓர்ப்படியோ நாயோடு ஜோடி போட்டு ஆடுகிறவள். சாமிக்குக் கண் இருக்கிறது என்று யார் சொன்னது?

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து கூப்பிடு தூரம் என்பார்கள். அந்தக் கூப்பிடு தூரத்தைச் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. என் கொழுந்தனுக்கு மட்டும் பம்பை மேளத்துப் பித்து. ஆடி மாசம் பிறந்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்த ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களோ அந்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். எமர்ஜென்சி முடிந்த வருஷம் பாஞ்சாலி சந்தையிலிருந்து ஒரு நாய்க்குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். மண்டைவெல்ல நிறம். வெல்லம் என்றே பேர் வைத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் வீட்டுக்காரர், "போவட்டும் சுலோச்சனா, எதையாவது கொஞ்சிக்கினு இருக்கட்டும்" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "நாயக் குளிப்பாட்டி நடுவூட்டுல வெச்சாலும்..." என்று ஆரம்பித்தேன்.

"வால ஆட்டிக்கினு தெருவுக்குத்தான் போவும். தெரியும்க்கா. போற எடத்துக்கு நானும் கூடப் போறேன், வுடு" என்றாள்.

அவள் அந்த நாயைப் பழக்கிய விதம் எனக்கு அத்துப்படி. தினமும் பாத்திரம் விளக்கிக்கொண்டே பார்த்திருக்கிறேன். இடுப்பில் முந்தானை முடிச்சு. முடிச்சுக்குள் நெத்திலிக் கருவாடு. ஒரு துண்டை உள்ளங்கையில் மறைத்து நாயின் மூக்குக்கு மேலே வட்டம் போடுவாள். நாயும் சுற்றும். சுற்றி முடித்ததும் கருவாடு அதன் வாய்க்குள். கொஞ்ச நாளில் கருவாடு வேண்டாம், கை சுற்றினாலே போதும். அப்புறம் கையும் வேண்டாம். வலது காலைத் தட்டினால் வலப்பக்கம் திரும்பும், இடது காலைத் தட்டினால் இடப்பக்கம். அவள் எட்டி எட்டி நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் கால் நடுவே நுழைந்து நுழைந்து வரும். சுப்பிரமணி பம்பையை உருட்டினால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். தப்புச் செய்தால் அடிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வாள். அது உடனே சுற்றி வந்து அவள் முகத்தைப் பார்க்கும். ஆடும்போதெல்லாம் அதன் கண் அவள் முகத்தில்தான் இருக்கும், வேறெங்கும் போகாது. என் புருஷன் ஒரு நாளாவது என் முகத்தை அப்படிப் பார்த்திருப்பாரா என்று எனக்கே வயிறெரிந்திருக்கிறது.

அடுத்த ஆடியில் பம்பைக்கு முன்னால் அவளும் நாயும் ஆடினார்கள். அம்மன் ஊர்வலத்தில் பெண்பிள்ளை நாயோடு ஆடுவதா என்று முகம் சுளித்தவர்கள்கூட கடைசியில் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். அப்புறம் புள்ளலூர், கூரம் என்று வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் விட்டார்கள். எனக்குத்தான் தலைகுனிவு. உத்திரமேரூர் கடைத்தெருவில் வெங்காயம் வாங்கப் போனால், "நாயாட்டக்காரம்மா உங்க ஓர்ப்படிதான?" என்று கேட்பான் கடைக்காரன். வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வரும்.

ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது மாப்ள ஆட்டம். நாய்தான் மாப்பிள்ளை, அதுவும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை. பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் பக்கம் போய் நீட்டினால் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். பின்வாங்கிப் பின்வாங்கிப் போய், உடம்பைக் குலுக்கி, தலையைத் தாழ்த்தி உறுமும். கூட்டத்தில் வேறு யாராவது சொம்பை வாங்கி நீட்டினாலும் இதே பிகுதான். "இன்னா மாப்ள, மாமியா வூட்டுத் தண்ணி கசக்குதா?" என்று ஜனம் கூச்சல் போடும். பாஞ்சாலி அதைச் சுற்றி ஆடி, கெஞ்சி, மண்டியிட்டு, கடைசியில் ஒரு நெத்திலியைத் தன் உதட்டில் கவ்விக்கொண்டு முகத்தை நீட்டுவாள். நாய் எழுந்து முன்னங்கால் இரண்டையும் அவள் தோளில் வைத்து, அந்தக் கருவாட்டை அவள் உதட்டிலிருந்து பூப்பறிக்கிற மாதிரி எடுக்கும். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடிக்கும். ஊரே கைதட்டும். எனக்குக் குமட்டும்.

எண்பத்தொன்றாம் வருஷம் மாசி கடைசியில் ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு வெறிநாய் ஊருக்குள் வந்தது. வாலைத் தொங்கப்போட்டு, வாயில் எச்சில் கயிறாக ஒழுக, எதிரில் வந்ததையெல்லாம் கடித்துக்கொண்டே போனது. வீராசாமியின் பசுவைக் கடித்தது. தெருநாய்களோடு புரண்டது. ஆம்பிளைகள் துரத்திப்போய் பம்புசெட்டுப் பக்கத்தில் அடித்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் வெல்லத்தின் காதோரம் ஒரு கீறலைப் பார்த்தேன்.

"இன்னாடி அது?" என்று கேட்டேன்.

"வேலி முள்ளு கீச்சிடுச்சிக்கா" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

பங்குனி பாதியில் வீராசாமியின் பசு கத்த ஆரம்பித்தது. பசு கத்துகிற கத்தலா அது? யாரோ அதன் கழுத்தை நெரிக்கிற மாதிரி ஓர் ஓலம். கட்டியிருந்த முளையைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். மறுநாளே செத்துப்போனது. அன்றைக்கு ஊரைப் பிடித்தது பயம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கொல்லைக்குப் போகிறவர்கள்கூடக் கழியோடு போனார்கள். இருட்டுவதற்குள் கதவெல்லாம் சாத்திக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் ராஜாராம் அரசமரத்தடியில் ஊரைக் கூட்டி, "எது கடி வாங்குச்சி எது வாங்கலன்னு யாருக்கும் தெரியாது. ஊர்ல ஒரு நாய் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான்தான் முதல் ஆளாக எழுந்து, "அந்த ஆட்டக்கார நாய மொதல்ல அடிங்க" என்றேன். பாஞ்சாலி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். என் மகள் அம்சா சோற்றைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போது அவள் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"வெல்லத்த அடிக்க வேணாம்மா. அது எங்கூடயும் ஆடும்மா."

"உங்கூடயா? எப்போ?"

"நீ கழனிக்குப் போறப்போ. சின்னம்மா இல்லாதப்போ. நானும் வாய்ல கருவாடு வெச்சிக் குடுப்பேன். அழகா எடுத்துக்கும்மா."

"எப்பக் குடுத்த? கடைசியா எப்பக் குடுத்த?"

"முந்தா நேத்து" என்று அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். முன்பல் விழுந்து, ஈறு செக்கச்செவேலென்று புண்ணாகத் தெரிந்தது.

ஐயோ, என் அம்மாவின் தம்பி பஞ்சாட்சரம் மாமா அப்படித்தான் செத்தார். எனக்கு அப்போது அம்சா வயசு. கயிற்றுக் கட்டிலில் கட்டிப் போட்டிருந்தார்கள். "தண்ணி, தண்ணி" என்று கேட்பார். சொம்பைக் கிட்டே கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொண்டு அலறுவார். தாகத்தில் துடித்துக்கொண்டே தண்ணீருக்குப் பயந்து செத்த மனுஷன் அவர். அந்த அலறல் என் மகள் வாயிலிருந்து வந்தால் நான் என்ன செய்வேன்? அன்று விடிகிறவரை அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

காலையில் முதல் பஸ் பிடித்து உத்திரமேரூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நாயைக் கொல்லாதீங்க. கட்டிப் போட்டுப் பாருங்க. பத்து நாள் அது நல்லா இருந்துச்சுன்னா குழந்தைக்கு ஒண்ணுமில்ல. நாய் கெட்டுப்போச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. நான் கேட்டா ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்கன்னுதான் சொல்வேன்" என்றார். தொப்புளைச் சுற்றிப் போடுகிற பதினாலு ஊசி. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"பொட்டப்புள்ள சுலோச்சனா. அடிவவுத்துல அத்தன ஊசி போட்டா நாளைக்கிப் புள்ள தங்குமா? எவன் கட்டுவான்? நாயப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆக, என் மகள் உசுரு யார் கையில்? எந்த நாயை அடிக்கச் சொன்னேனோ அந்த நாயின் கையில். வீட்டுக்கு வந்ததும் சுவரண்டை போய் நின்று, "பாஞ்சாலி, உன் நாயப் பத்திரமாப் பாத்துக்கோடி" என்றேன். அவள் கிண்டல் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வெல்லத்தைச் சங்கிலி போட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினாள். அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. எழுந்ததும் சுவரை எட்டிப் பார்ப்பேன். சாப்பிடுகிறதா? வாலை ஆட்டுகிறதா? எச்சில் வடிகிறதா? நாயைக் கண்டால் தெருவை மாற்றுகிற நான், ஒரு நாய் கொட்டாவி விட்டதற்குக்கூட மாரியாத்தாளைக் கூப்பிட்டேன்.

மூணாம் நாள் கழியோடு ஆட்கள் வந்தபோது பாஞ்சாலி கடலை பிடுங்கக் கழனிக்குப் போயிருந்தாள். சுப்பிரமணி பம்பைக்குத் தோல் மாற்றக் காஞ்சிபுரம் போயிருந்தான். என் வீட்டுக்காரரும் இல்லை. ஊரில் மற்ற நாய்களையெல்லாம் அடித்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்திருந்தார்கள். முன்னால் ராஜாராம். நான் உலக்கையை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன்.

"இன்னாம்மா சுலோச்சனா, நீதான மொதல்ல அடிக்கச் சொன்ன?" என்றார் ராஜாராம்.

"சொன்னேன். இப்போ நான்தான் வேணாங்கறேன். எம்பொண்ணு உசுரு அதுமேல கீது. டாக்டரம்மா கொல்லக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. எவனாவது கால வெச்சீங்க, உலக்கையாலயே போட்டுடுவேன்."

"ஊர்ப் புள்ளைங்க உசுரு பெருசில்லியா?"

"பெருசுதான். சங்கிலி போட்டுத்தான கீது? உன் ஊட்டுக்கா வந்துச்சி?"

ராஜாராம் கெட்டவர் இல்லை. "சரி, சண்ட வேணாம். தண்ணி வெச்சிப் பாப்போம். வெறி புடிச்சிருந்தா தண்ணியப் பாத்தாலே மெரளும். குடிச்சிதுன்னா உட்டுடறோம். உங்க வூட்டு சொம்புலியே குடு" என்றார். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவரிடமே கொடுத்தேன்.

அட, அறிவு கெட்டவளே! சுற்றிலும் வட்டமாக ஜனம். நடுவில், சங்கிலி எட்டுகிற மட்டும் வாசலுக்கு வந்து நிற்கிற நாய். எதிரில் நீட்டிய பித்தளைச் சொம்பு. நாய்க்கு என்ன தெரியும், ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது என்றுதான் அது நினைத்திருக்கும். வெல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராஜாராம் அந்தப் பக்கம் நீட்டினார். அது இந்தப் பக்கம் திருப்பியது. பின்வாங்கியது. உடம்பைக் குலுக்கியது. தலையைத் தாழ்த்தி உறுமியது.

"ஐயையோ, மெரள்துடா! தண்ணியப் பாத்து மெரள்துடா!" என்று யாரோ கத்தினார்கள். கழியெல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும்பியது.

"யோவ், அது ஆட்டம்யா! மாப்ள ஆட்டம்! நீங்களே பாத்துச் சிரிச்சதுதான!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? ஆடியில் இதே கோபத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஜனம்தான், இப்போது வேர்த்து விறுவிறுத்து நிற்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாய்தான் ஆட்டம் ஆட்டம் என்று கத்தியதே தவிர, என் நெஞ்சுக்குள்ளேயும், இது ஆட்டம்தானா என்று ஒரு கேள்வி குளிராக இறங்கியது.

யார் போய்ச் சொன்னார்களோ, பாஞ்சாலி கழனியிலிருந்து ஓடிவந்தாள். முழங்கை வரைக்கும் மண். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். யாரிடமும் சண்டை போடவில்லை.

"அக்கா, உன் வூட்ல நெத்திலி கீதா?"

நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். ராஜாராம் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். பம்பை இல்லை. ஒரு கையால் தன் தொடையிலேயே தாளம் தட்டினாள். வெயிலில், மண் கையோடு, ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் ஆடினாள். வலது கால், இடது கால். நாய் அவள் கூடவே திரும்பியது. சங்கிலி தரையில் சலசலத்தது. நீட்டினாள், அது திருப்பிக்கொண்டது. கெஞ்சினாள், பின்வாங்கியது. மண்டியிட்டாள். நெத்திலியை உதட்டில் கவ்வி முகத்தை நீட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாயின் முன்னங்கால் அவள் தோளில் இருந்தது, கருவாடு அதன் வாயில் இருந்தது. அப்புறம் இறங்கி, சொம்புக்குள் மூக்கை விட்டுச் சளக் சளக்கென்று குடித்தது.

ஒருத்தன் விசிலடித்தான். கழியெல்லாம் இறங்கியது. "நாய் நல்லாத்தான் கீது. நல்லாப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ராஜாராம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அழுகைதான். மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "ஊசியும் வேணாம் ஒண்ணியும் வேணாம், நாய் தண்ணி குடிச்சிடுச்சி" என்றேன். அம்சாவைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து வாசல் தெளிக்க வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். குளித்து, வேறு புடவை கட்டி, முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

"அக்கா, அம்சாவ எழுப்பு. மொத பஸ்ஸுக்குப் போவணும். ஊசிக்கு."

"இன்னாடி ஒளற்ற? அதான் தண்ணி குடிச்சிதே!"

"நேத்து ஆடறப்போ அது எம்மூஞ்சியப் பாக்கலக்கா. காலத் தட்டனா திரும்புச்சி, பழக்கம். கண்ணு எங்கியோ கீது. அப்பறம் கருவாட்ட எடுக்கறப்போ..." முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கீழுதட்டில் கருஞ்சிவப்பாக ஒரு பல் இறங்கிய தடம். "இத்தினி வருசத்துல ஒரு தபாகூட பல்லு பட்டதில்ல. நேத்து பட்டுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வாளியை வீசி எறிந்தேன். "நேத்தே ஏன்டி சொல்லல, பாவி?"

"எனுக்கே நிச்சயமாத் தெரிலக்கா. நெறைய ஜனம், கழி, அதுவும் பயந்துருக்கும்னு நெனச்சேன். அப்பிடித்தான் இருக்கணும்னு சாமிய வேண்டிக்கினே அதும்பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். இப்போ பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பல. கொரலு மாறிப்போச்சி. சங்கிலியக் கடிச்சிக்கினு கீது."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம். பொட்டப்புள்ள வவுறு..." என்று ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்க மாட்டாள். அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும், பேச்சு என்பதே கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பாஞ்சாலி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று நேருக்கு நேர் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வவுறு கெட்டாக் கெட்டுட்டுப் போவுது மாமா. எனுக்குங்கூடத்தான் புள்ள இல்ல. நான் சாவலியே. உசுரோடதான கீறேன்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அம்சாவைத் தூக்கிக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற வழியில் ராஜாராம் வீடு. நேற்று இவள் நாய் நல்ல நாய் என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷன். பாஞ்சாலி அவர் வாசலில் நின்று, "நாய் கெட்டுப்போச்சிங்க. கொட்டாயச் சாத்தி வெச்சிகீறேன். யாரும் கிட்டப் போவாம, கூரையப் பிரிச்சி மேலேந்து செய்யிங்க. நான் பஸ் ஏறினப்பறம் செய்யிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தாள். ஊர் மறைந்து உத்திரமேரூர் வருகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வெறி பிடிச்ச நாய் தண்ணி குடிக்கும், தண்ணிக்குப் பயப்படறது மனுஷங்கதான்" என்றார். ஊசியைப் பார்த்ததும் அம்சா பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். பாஞ்சாலி, "சின்னம்மா மொதல்ல போட்டுக்கறேன், நீ பாரு" என்று போய்ப் படுத்தாள். நர்ஸு புடவையை விலக்கியபோது என் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. என் காதருகே, குழந்தைக்குக் கேட்காமல், "எனுக்குப் பயமா கீதுக்கா" என்றாள். வெறிநாய் முகத்துக்கு முகத்தை நீட்டியவள் சொல்கிறாள். நானும் அவள் கையை விடவில்லை. ஊசி இறங்கும்போது ஒரு சத்தம் போடவில்லை. எழுந்து உட்கார்ந்து அம்சாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்சா படுத்தாள். இருவரும் வயிறு வீங்கி, குனிய முடியாமல், தினமும் அந்த பஸ்ஸில் போய்ப் போய் வந்தார்கள்.

ஊசியெல்லாம் முடிந்தது. டாக்டரம்மா தைரியம் சொல்லி அனுப்பினார். ஊர் சும்மா விடுமா? ஆறு மாசம் கழித்தும் வரும் என்றாள் ஒருத்தி. இடி இடித்தால் விஷம் ஏறும் என்றான் ஒருத்தன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்சா தண்ணீர் கேட்கும்போதெல்லாம் என் பிராணன் போய்ப் போய் வந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் குடிக்கும்போது புரையேறி இருமினாள். நான் போட்ட கூச்சலில் குழந்தை டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். அதற்கப்புறம் என் எதிரில் தண்ணீர் குடிக்கவே பயந்தாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம். இப்படியே போனால் நோய் வராமலே இரண்டு பேரும் செத்திருப்போம்.

அப்புறம் ஒருநாள் காலையில் பாஞ்சாலி வந்து என் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, தண்ணி குடு."

"ஏன், உன் வூட்ல தண்ணி இல்லியா?"

"குடுக்கா."

மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எறங்கிச்சா? பாத்தியா?" என்றாள்.

"இன்னாடி இது?"

"அவளுக்கு வெறும் எச்சிதான் பட்டுச்சி. எனுக்குப் பல்லே எறங்கிகீது. வர்றதா இருந்தா எனுக்குத்தான் மொதல்ல வரும். நான் குடிக்கற வரிக்கும் உம்பொண்ணுக்கு ஒண்ணியும் இல்ல. இனிமே அவளப் பாக்காத. என்னப் பாரு."

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்தாள். மழை நாளிலும் வந்தாள், நாங்கள் கிணற்றுக் கயிற்றுக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மாசத்திலும் வந்து கையை மட்டும் நீட்டினாள். அம்சா என்னைக் கண்டு பயப்படாமல் தண்ணீர் குடித்தாள், பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள், தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி அடுத்த வருஷமே பிள்ளை பெற்றாள். பாஞ்சாலி அதற்கப்புறம் நாய் வளர்க்கவில்லை. ஆடவும் இல்லை.

ஊரில் அவளைத் தைரியசாலி என்பார்கள். எனக்கல்லவா தெரியும். முதல் வருஷமெல்லாம் சொம்பை வாயருகே கொண்டுபோனதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். முதல் மடக்கு தொண்டையில் இறங்கியதும்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் அடுப்புப் பற்ற வைப்பேன்.